தட்டின் பின்னே நிற்பவர்

தீர்ப்பிடுதல் எளிது என்று எண்ணுவோர் பலர். கண்ணிருந்தால் போதும், கண்டதைச் சொல்லிவிடலாம் என்பது அவர்கள் கருத்து. எங்கே நின்று கண்டோம், முழுமையாகக் கண்டோமா, கண்டு முடித்த பின்னர்தான் வாய் திறந்தோமா என்னும் மூன்று கேள்விகளையும் அவர்கள் பொருட்படுத்துவதில்லை. நமக்கு இம்மூன்றையும் கற்பித்தது நீதிமன்றமோ நீதிநூலோ அன்று. செம்மண் திடலில் பள்ளிச் சிறுமியர் ஆடும் ஒரு விளையாட்டு. அதன் பெயர் சாப்ட்பால்.

தென் மாவட்டத்துக் கடற்கரைப் பகுதியில் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றினோம். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டங்களில் நடுவராக நிற்கும் கடமை நம் தோளில் விழுந்தது. கிரிக்கெட் நடுவரை நம் மக்கள் நன்கறிவர். கால்பந்தாட்ட நடுவரின் ஊதலையும் அறிவர். சாப்ட்பால் ஆட்டத்தில் இரும்புக் கம்பி பின்னிய முகக்கவசத்துடன், பந்து பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னே குனிந்து நிற்கும் மனிதரை அறிந்தோர் சிலரே. அவரைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

இவ்விளையாட்டு பிறந்தது 1887ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சிகாகோ நகரில். நன்றியறிதல் நாளன்று படகுச் சங்கம் ஒன்றில் கூடியிருந்த இளைஞர்கள், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் துடைப்பக் கம்பை மட்டையாகவும் கொண்டு அறைக்குள்ளேயே ஆடினர். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதிகள் வகுத்தார். சாப்ட்பால் என்னும் பெயர் 1926இல்தான் முன்மொழியப்பட்டது. பெண்களுக்கான ஆட்டம் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2008க்குப் பின் நீக்கப்பட்டு, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் வந்தது. பெயரில்தான் மென்மை இருக்கிறது. 12 அங்குலச் சுற்றளவுள்ள அந்தப் பந்து விலா எலும்பில் பட்டவர்க்கு அது எவ்வளவு மென்மையானது என்பது தெரியும்!

நிற்குமிடம்

ஆட்டம் முழுவதற்கும் அச்சாணி, தரையோடு தரையாகப் பதித்த ஒரு வெள்ளைத் தட்டு. ஹோம் பிளேட் என்பர். ஐந்து பக்கமுடையது; முன்பக்க அகலம் 17 அங்குலம்; பின்பக்கம் கூரை உச்சி போலக் கூர்ந்திருக்கும். மட்டையாளர் அதன் அருகே நிற்பார். மகளிர் ஆட்டத்தில் 43 அடி தொலைவிலிருந்து, கையைத் தாழ்த்திச் சுழற்றிப் பந்தெறிவார் எதிரணிப் பெண். பந்தின் ஒரு விளிம்பேனும் தட்டின் மேலாக, மட்டையாளரின் அக்குளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் கடந்துவிட்டால், அது ஸ்டிரைக். அவ்வெல்லைக்கு வெளியே சென்று, மட்டையாளரும் வீசாமல் விட்டால், அது ‘பால்’ எனப்படும் தவறிய பந்து. மூன்று ஸ்டிரைக்கானால் மட்டையாளர் வெளியேற வேண்டும். நான்கு தவறிய பந்துகளானால் முதல் தளத்துக்கு நடந்தே செல்லலாம். தேர்ந்த வீராங்கனையர் எறியும் பந்து தட்டை வந்தடைய அரை விநாடியும் ஆவதில்லை. அதற்குள் கண்டு தீர்ப்பளிப்பவர்தான் தட்டு நடுவர்.

அவர் எங்கே நிற்க வேண்டும்? பந்து பிடிக்கும் கேச்சருக்கு நேர் பின்னே என்று முதலில் தோன்றும். அங்கே நின்றால் தாழ்ந்து வரும் பந்து கேச்சரின் உடலால் மறைந்துபோகும். வெளிப்புறமாக விலகி நின்றால் உட்புற ஓரம் தெரியாது. ஆகவே கேச்சருக்கும் மட்டையாளருக்கும் நடுவேயுள்ள இடைவெளியில், கேச்சரின் உட்பக்கத் தோளுக்கு மேலாக நோக்குமாறு நிற்க வேண்டும் என்பது இக்கலையின் முதற்பாடம். வலக்கை மட்டையாளர் என்றால் கேச்சரின் இடத்தோள். இடக்கை மட்டையாளர் என்றால் வலத்தோள். கால்கள் தோளகலம் விரிந்திருக்க வேண்டும். கண்கள் ஸ்டிரைக் எல்லையின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. கண் தாழ்ந்தால் உயரத்தை அளக்க இயலாது என்பதே காரணம். கேச்சர் உட்புறமாக நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டால், நடுவர் சிறிது நிமிர்ந்து கேச்சரின் தலைக்கு மேலாகப் பார்க்க வேண்டும். எரிச்சலுற்று ஓரம் போய்விடலாகாது.

பந்து வரும்போது தலை அசையக் கூடாது. கண்மணிகள் மட்டுமே அதைத் தொடர வேண்டும். தலையசைந்தால் பந்தும் அசைந்ததாகத் தோன்றும். முகத்தை நோக்கிப் பாயும் பந்தைக் கண்டு இமை மூடுவதும் பின்னடைவதும் மனித இயல்பு. அந்த இயல்பை வெல்லப் புதிய நடுவர்க்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். முகக்கவசமும் மார்புக் கவசமும் முழந்தாள் கவசமும் அணிந்திருக்கிறோம் என்பதை அறிவு அறிந்திருக்கும். உடல் அதை நம்புவதற்குக் காலம் பிடிக்கும்.

கேச்சரின் கைத்திறனையும் இங்கே சொல்லியாக வேண்டும். தேர்ந்த கேச்சர், ஓரத்துக்கு வெளியே போன பந்தைப் பிடித்த கணமே மணிக்கட்டை நுட்பமாக உள்ளே இழுத்து, நடுவிலேயே பிடித்தது போலக் காட்டுவார். வெளியிலிருந்து காண்போர் அதை நம்பிக் கூச்சலிடுவர். நடுவர் தீர்ப்பிட வேண்டியதோ பந்து எங்கே பிடிக்கப்பட்டது என்பதை அன்று. தட்டின் மேல் எங்கே கடந்தது என்பதையே. செயல் நடந்த இடம் ஒன்று, அது நம் கண்முன் கொண்டுவந்து காட்டப்படும் இடம் வேறொன்று. வீட்டிலும் அலுவலகத்திலும் நம்மிடம் வந்து சேரும் குற்றச்சாட்டுகளில் எத்தனை, யாரோ ஒருவரின் மணிக்கட்டு இழுத்துத் தந்தவை என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

சொல்லும் மௌனமும்

கண்டவுடன் கூவுவது இளம் நடுவரின் இயல்பு. மூத்தவர்கள் அதைத் திருத்துவார்கள். பந்து கேச்சரின் கையுறையில் அடங்கட்டும். ஒரு கணம் உள்ளத்துக்குள் அந்தப் பந்தை மீண்டும் ஒருமுறை ஓடவிடு. பின்னரே சொல் என்பார்கள். அக்கணம் மிகச் சிறியது; வேடிக்கை பார்ப்பவர் உணரவும் மாட்டார். ஆனால் அவசரத் தீர்ப்பையும் ஆய்ந்த தீர்ப்பையும் பிரிப்பது அதுவே. ஸ்டிரைக் என்றால் நிமிர்ந்து, குரல் கொடுத்து, வலக்கையால் சைகை காட்ட வேண்டும். தவறிய பந்தென்றால் குனிந்த நிலையிலேயே சொன்னால் போதும், சைகை வேண்டா.

எல்லைக்கோட்டுக்கு வெளியே விழும் பந்தை ‘பவுல்’ என உரக்கக் கூவ வேண்டும். அத்துடன் ஆட்டம் நிற்கிறது. கோட்டுக்குள் விழும் நல்ல பந்துக்கோ குரலே கிடையாது. உட்புறம் நோக்கிக் கையை நீட்டினால் போதும். ஆட்டத்தை நிறுத்துவதற்கே சொல் வேண்டும். நன்றாக நடப்பதற்கு மௌனமே துணை என்னும் இந்த ஏற்பாட்டில் ஆழ்ந்த அறிவு இருப்பதாக நமக்குத் தோன்றுவதுண்டு.

இதனினும் வியப்பான மௌனம் ஒன்று உண்டு. ஓடும் ஆட்டக்காரர் ஒரு தளத்தை மிதிக்காமலேயே கடந்துவிட்டார் என்று கொள்வோம். நடுவர் அதைத் தெளிவாகக் கண்டுவிட்டார். எனினும் அவர் வாய் திறக்கக் கூடாது! எதிரணியினர் அதைக் கவனித்து, அடுத்த பந்து எறியப்படுமுன் முறையிட்டால்தான் அவர் தீர்ப்புக் கூறலாம். அவர்கள் கவனிக்காமல் விட்டால், கண்டது நடுவரின் நெஞ்சுக்குள்ளேயே அடங்கிவிடும். இளமையில் இவ்விதி நமக்கு உறுத்தலாக இருந்தது. உண்மையை அறிந்தவன் மறைப்பது முறையா என்று வினவிக்கொண்டோம். பிறகு விளங்கிற்று: நடுவர் குற்றம் தேடித் திரியும் ஒற்றர் அல்லர். தம்மிடம் வந்த வழக்கையே தீர்ப்பவர் அவர். இரு கட்சியில் ஒன்றுக்குக் கண்ணாகிவிட்டால், மற்றதற்கு அவர் நடுவராக இருக்க இயலாது.

இடம் பெயரும் கடமை

தட்டுக்குப் பின்னே நிற்பதோடு அவர் கடமை முடிவதில்லை. மட்டையில் பந்து பட்ட மறுநொடியே கேச்சரை விட்டு விலகி, இடக்கையால் முகக்கவசத்தைக் கழற்றிப் பிடித்து, பந்து எல்லைக்கு உள்ளா வெளியா என்று பார்க்க வேண்டும். நடுவர் இருவரே உள்ள ஆட்டத்தில், தளங்களில் வேறு யாரும் இல்லையென்றால், மட்டையாளரின் பின்னே முதல் தளத்தை நோக்கி அவரும் ஓட வேண்டும். 60 அடி கொண்ட அந்த வழியின் பிற்பாதியில் ஓடுபவர்க்கென மூன்றடி அகலப் பாதை உண்டு. அதை விட்டு விலகி, பந்தைப் பிடிப்பவருக்கு அவர் இடையூறு செய்கிறாரா என்று பார்ப்பது தட்டு நடுவரின் பொறுப்பு.

யாரேனும் ஓடிவந்து தட்டைத் தொட முயல, கேச்சர் அவரைப் பந்தால் தொட முயலும் தருணமே ஆட்டத்தின் உச்சம். புழுதி எழும், இரண்டு உடல்கள் ஒன்றாய்ச் சரியும். அருகே போய்க் குனிந்து பார்க்க வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். பயிற்சியோ வேறு சொல்கிறது. அருகில் போவதைவிடச் சரியான கோணத்தில் நிற்பதே முதன்மையானது. கையுறைக்கும் ஓடுபவரின் உடலுக்கும் இடையேயுள்ள வெளிச்சம் தெரியும் கோணம் எதுவோ அதுவே இடம். நெருங்கி நின்றவர் கேச்சரின் முதுகைத்தான் காண்பார். பத்தடி தள்ளிச் செங்கோணத்தில் நின்றவர் உண்மையைக் காண்பார். உறவினர் வழக்கில் நெருங்கியவர்க்கு ஏன் நியாயம் தெரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

தம் கண்ணுக்கு எட்டாததைப் பிறரிடம் கேட்பதும் அவர் கடமையே. மட்டையாளர் மட்டையைப் பாதி வீசி நிறுத்திக்கொண்டாரா, முழுமையாக வீசிவிட்டாரா என்பது தட்டின் பின்னாலிருந்து பல நேரம் தெரியாது. அப்போது தளத்தருகே நிற்கும் துணை நடுவரை நோக்கிக் கைகாட்டி வினவுவார். அதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால் ஒருவர் கூறிய தீர்ப்பை மற்றவர் தாமாகவே மாற்ற விதி இடம் தராது.

தட்டைத் துடைக்கும் முறையையும் சொல்லலாம். புழுதி மூடிவிட்டால் ஆட்டத்தை நிறுத்திச் சிறு தூரிகையால் துடைக்க வேண்டும். அப்போது திடலுக்கு முதுகு காட்டி, பார்வையாளரை நோக்கிக் குனிய வேண்டும் என்பது மரபு. காண வந்தவர்க்குப் பின்புறம் காட்டலாகாது என்னும் பணிவு அது. ஆட்டத்தில் அதிகாரம் மிகுந்தவர்தான் மண்ணில் குனிந்து தூசி துடைக்கிறார்!

விதிக்குள் இருந்த இரக்கம்

நடுவரின் தீர்ப்பு இருவகை. ஸ்டிரைக்கா அல்லவா, முந்தினாரா பிந்தினாரா என்பன கண்ணால் காணும் தீர்ப்புகள். அவற்றை எதிர்த்து முறையிட முடியாது. விதி என்ன சொல்கிறது என்பது மற்றொன்று. அதில் நடுவர் பிழைபட்டால் முறையிடலாம். ஆகவே தட்டின் பின்னே நிற்பவர்க்குக் கூரிய கண் மட்டும் போதாது, விதிநூல் மனத்தில் இருக்க வேண்டும். இதன் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2008ஆம் ஆண்டு ஏப்ரல் 26. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எலன்ஸ்பர்க் என்னும் ஊர். மத்திய வாஷிங்டன் பல்கலைக்கழகப் பெண்களும் மேற்கு ஓரிகன் பல்கலைக்கழகப் பெண்களும் ஆடினர். மேற்கு ஓரிகன் அணியின் சாரா டக்கோல்ஸ்கி, இரு தோழியர் தளங்களில் நிற்க, பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். அதற்கு முன் அவர் ஒருமுறையும் அவ்வாறு அடித்ததில்லை. மகிழ்ச்சியில் முதல் தளத்தை மிதிக்காமல் கடந்துவிட்டார்; உணர்ந்து திரும்பினார். திரும்பிய வேகத்தில் முழங்காலின் உட்தசைநார் அறுந்தது. தவழ்ந்து வந்து தளத்தைப் பற்றிக்கொண்டார். அதற்கு மேல் நகர முடியவில்லை.

அவரது அணியினர் தொட்டு உதவினால் அவர் ஆட்டமிழப்பார். மாற்று ஆளை ஓடவிட்டால் அந்த அடி முதல் தளம் வரை மட்டுமே கணக்காகும் என்று நடுவர் கூறினர். பயிற்சியாளர் திகைத்து நிற்கையில், எதிரணியின் மாலரி ஹோல்ட்மன் முன்வந்து, “நாங்கள் தூக்கிச் செல்லலாமா?” என்று வினவினார். அதைத் தடுக்கும் விதி இல்லை. அவரும் லிஸ் வாலஸ் என்னும் தோழியும் கைகோத்துச் சாராவைத் தூக்கி, ஒவ்வொரு தளத்திலும் தாழ்த்தி, அடிபடாத காலால் தொடச் செய்து, தட்டுவரை கொண்டுவந்து சேர்த்தனர். ஆட்டத்தில் அவர்கள் அணி 4-2 எனத் தோற்றது.

அப்பெண்களின் பெருந்தன்மையை உலகம் கொண்டாடியது, கொண்டாடத் தக்கதே. ஆனால் நடுவராக நின்றவர்க்கு மனத்தில் நிற்பது இதன் பின்பகுதி. அந்நடுவர்கள் விதியைத் தவறாகச் சொல்லியிருந்தனர் என்பது பிறகு தெரியவந்தது. காயமுற்றவர்க்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரர் எஞ்சிய தளங்களை ஓடி முடிக்க விதிநூலே இடம் தந்திருந்தது. அதாவது, அந்த இரக்கம் விதிக்குள் முன்பே எழுதப்பட்டிருந்தது. எடுத்துச் சொல்வோர்தாம் அங்கில்லை. சட்டம் கடுமையானது, மனிதரே இளகியவர் என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். பல வேளைகளில் சட்டத்தை முழுதும் படியாதவரின் அரைகுறை அறிவே கடுமையாக இருக்கிறது. வறியவர் ஒருவர் உதவித் தொகை கேட்டு மனுவோடு நிற்கையில், “விதியில் இடமில்லை” என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொருவரும், அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஸ்டிரைக்

கண்ணால் காணும் தீர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்வோம். ஒரு மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம். ஏழாவது சுற்று, ஒரு புள்ளி பின்தங்கிய அணியின் கடைசி மட்டையாளராக நின்றவள் உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள். அணி வென்றால் மாநிலப் போட்டிக்குச் செல்லலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கலாம். இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் வேதனை.

இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது. அடுத்த பந்து தாழ்வாக, வெளிப்புற ஓரமாக வந்தது. அவள் வீசாமல் விட்டாள். பந்து முழங்காலுக்கு மேலாக, தட்டின் ஓரத்தை உரசியது போலக் கடந்தது. தலை அசையாமல் கண்டோம். அந்த ஒரு கணம் காத்தோம். நிமிர்ந்து ஸ்டிரைக் என்றோம். ஆட்டம் முடிந்தது. எதிரணி குதித்தாடியது. அவளோ மட்டையை ஊன்றியபடி நம்மைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்று மாலை திடல் வாயிலில் அவள் தந்தை காத்திருந்தார். சண்டைக்கு நிற்கிறார் என்றே உடனிருந்தோர் அஞ்சினர். அவர் அருகே வந்து, “சார், அது கோட்டுக்குள்ள வந்த பந்துதானா?” என்று மட்டும் கேட்டார். ஆம், கண்ணால் கண்டதையே கூறினோம் என்றோம். “நீங்க பாத்துட்டுச் சொன்னா சரிதான் சார். பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று கும்பிட்டுவிட்டு நடந்தார்.

அந்தப் பந்து ஸ்டிரைக் என்பதில் அன்றும் நமக்கு ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆயினும் இரக்கத்தால் அதைத் தவறிய பந்தென்று கூறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாத நாளில்லை. அப்படிக் கூறியிருந்தால், மறுபுறம் 43 அடி தொலைவில் நின்று நேர்மையாக எறிந்த மற்றொரு சிறுமிக்கு நாம் என்ன விடை சொல்லியிருப்போம்? அவள் தந்தை என்ன தொழில் செய்தார் என்பதை நாம் விசாரித்ததே இல்லை. நாமறிந்த ஏழ்மைக்கு இரங்கி, நாமறியாத ஏழ்மைக்கு அநீதி செய்வது எவ்வளவு எளிது! தட்டின் பின்னே நிற்கும்போது கண் பந்தை மட்டுமே காண வேண்டும். ஆட்டம் முடிந்து முகக்கவசத்தைக் கழற்றிய பிறகு, அதே கண் அந்தப் பிள்ளையைக் காணத் தவறக் கூடாது. அவ்வாண்டு அவளுக்காக நாம் பல வாயில்களில் ஏறி இறங்கினோம். ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒதுக்கீட்டால் அன்று, அவள் மதிப்பெண்ணால்.

இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டோம். முழங்காலும் குனிய மறுக்கிறது. தீர்ப்பிடும் வேலை மட்டும் ஓயவில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலும், அன்பியக் கூட்டத்து மனத்தாங்கலிலும், பேரப்பிள்ளைகளின் சண்டையிலும், “நீங்கள் சொல்லுங்கள்” என்று எவரேனும் வந்து நிற்கின்றனர். அப்போதெல்லாம் நாம் முதலில் தேடுவது நிற்குமிடத்தை. எவர் தோளும் மறைக்காத இடைவெளி எது, வெளிச்சம் தெரியும் கோணம் எது என்று பார்க்கிறோம். பின்னர் ஒரு கணம் காத்திருக்கிறோம். கேட்கப்படாததைச் சொல்வதில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிறோம்.

தீர்ப்பால் தோற்றவர், “நீங்கள் பார்த்துச் சொன்னால் சரிதான்” என்று கூறக்கூடிய நிலையில் நிற்பதே எந்த நடுவருக்கும் உரிய கூலி. அதைப் பெறுவதற்கு, பந்து வருமுன்பே சரியான இடத்தில் போய் நின்றிருக்க வேண்டும். வந்த பிறகு இடம் தேடுவோர்க்கு அரை விநாடியும் மிஞ்சுவதில்லை.